தங்குமிட ரிக்கின் நாள் வாடகையைப் படிப்பது எப்படி

நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் ஒரு மேடையில் பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது பேருக்குத்தான் படுக்கை இருக்கும். அன்றாட உற்பத்தியைக் கவனிக்க அது போதும். ஆனால் புதிய மேடையைப் பொருத்தி இயக்கும் ஹூக்-அப் காலத்திலும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உற்பத்தியை நிறுத்திச் செய்யும் பெரிய ஷட்டவுனிலும், துருப்பிடித்த குழாய்களை மாற்றிப் பெயின்ட் அடிக்கும் பராமரிப்புப் பருவத்திலும், ஒரே நேரத்தில் முந்நூறு நானூறு பேர் அங்கே தேவைப்படுவார்கள். அவர்கள் தங்குவதற்காக மேடையின் அருகே கொண்டுவந்து நிறுத்தப்படுவதே தங்குமிட ரிக். தொழிலில் இருப்பவர்கள் அதை ஃபுளோட்டல் என்பார்கள். கேபின்கள், மெஸ், மருத்துவ அறை, பட்டறை, ஹெலிகாப்டர் தளம் எல்லாம் அதில் உண்டு. மேடையையும் ரிக்கையும் இணைப்பது கேங்வே என்னும், நீண்டு சுருங்கக்கூடிய ஒரு நடைபாலம்.

நான் இத்தொழிலுக்குள் வந்தது டைனமிக் பொசிஷனிங் ஆபரேட்டராக; அதாவது, ரிக்கின் பிரிட்ஜ் என்னும் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து, த்ரஸ்டர்கள் என்னும் உந்துவிசிறிகளின் துணையால் அது இடம் பெயராமல் பார்த்துக்கொள்ளும் வேலை. பின்னர் கரைக்கு வந்து, எண்ணெய் நிறுவனங்களின் சார்பில் இந்த ரிக்குகளை வாடகைக்கு எடுக்கும் சார்ட்டரிங் பிரிவில் பணியாற்றினேன். இரண்டு இடங்களிலிருந்தும் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு: இந்தச் சந்தையில் விலை பேசப்படுவது படுக்கைக்கு, ஆனால் வாங்குபவருக்கு உண்மையில் தேவைப்படுவது, கேங்வே மேடையோடு இணைந்திருக்கும் மணிநேரம். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அளக்கத் தெரியாமல் நாள் வாடகையை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து ரிக் எடுக்கும் திட்டங்கள் வீணாக்கும் பணம் மிகப் பெரியது.

கேங்வேயின் முனையில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் இருக்கும். பச்சை எரியும்வரை ஆட்கள் நடக்கலாம். ரிக் அலையில் ஏறி இறங்கும்போது கேங்வே தானாக நீண்டும் சுருங்கியும், பக்கவாட்டில் திரும்பியும், அந்த அசைவை உள்வாங்கிக்கொள்கிறது. அசைவு ஓர் எல்லையை நெருங்கும்போது மஞ்சள் எரிகிறது. கேங்வே காவலர் புதிதாக யாரையும் ஏறவிடாமல், நடுவில் இருப்பவர்களை விரைந்து கடக்கச் சொல்கிறார். எல்லையைத் தாண்டினால் சிவப்பு விளக்கோடு சைரன் ஒலிக்க, கேங்வே தானாகவே மேடையிலிருந்து எழும்பிவிடும். பிரிட்ஜில் இருந்த எனக்கு அந்த நேரத்தில் முதல் கேள்வி, மேடையில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்பதுதான். ஏனென்றால் மேடையில் இருக்கக்கூடியவர்களின் எண்ணிக்கையை அங்குள்ள உயிர்காப்புப் படகுகளின் இருக்கைகளே வரையறுக்கின்றன. கேங்வே இணைந்திருக்கும்போது ரிக்குக்கு நடந்து தப்பலாம் என்ற கணக்கில்தான் கூடுதல் ஆட்கள் மேடையில் அனுமதிக்கப்படுகிறார்கள். இணைப்பு அறுந்தால் அந்தக் கணக்கும் அறுந்துவிடும்.

ஆகவே, வானிலை கெடும் என்று முன்னறிவிப்பு வந்தாலே, அலை எல்லையைத் தொடுவதற்குப் பல மணிநேரம் முன்பே வேலையாட்களைத் திரும்ப அழைக்க வேண்டும். கருவிகளைக் கட்டி வைத்து, வேலை அனுமதிச் சீட்டுகளை மூடி, வரிசையாகக் கடந்து வந்து, கார்டைத் தட்டிப் பெயரைச் சரிபார்த்து முடிக்க வேண்டும். கடல் அமைதியானதும் மீண்டும் இணைத்து, சோதித்து, அனுமதிச் சீட்டுகளைத் திறந்து, சாரக்கட்டுகளைப் பரிசோதித்த பிறகுதான் வேலை தொடங்கும். நான்கு மணிநேர மோசமான கடல், பன்னிரண்டு மணிநேர ஷிஃப்ட் ஒன்றை முழுவதுமாக விழுங்கிவிடும். இதனால்தான், ஒரு ரிக்கின் உரிமையாளர் ஆண்டுச் சராசரியாக இத்தனை சதவீத நேரம் இணைந்திருக்கும் என்று சொல்லும் எண் தனியாக ஒன்றையும் சொல்வதில்லை. ஒரு மாதத்தில் பத்து சதவீத நேரம் இணைப்பு இல்லை என்றால், அது தொடர்ச்சியாக வந்த மூன்று நாள் புயலா, அல்லது நாள்தோறும் சில மணிநேரமாகச் சிதறிக் கிடக்கிறதா என்பதைப் பொறுத்து, இழக்கும் வேலை நேரம் பெருமளவு மாறும். மாத வாரியாகவும், அலை வரும் திசை வாரியாகவும், ஒவ்வொரு தடையும் எவ்வளவு நேரம் நீடித்தது என்ற விவரத்தோடும் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். நல்ல உரிமையாளர்களிடம் அது இருக்கும். தர மறுப்பவரின் விலையை, அது எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் தனியே ஒதுக்கி வைப்பதுண்டு.

இந்த மணிநேரத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை எளிய கணக்கொன்றால் காட்டலாம். ஷட்டவுனில் இருக்கும் மேடை நாளுக்கு 50,000 பீப்பாய் எடுப்பது என்றும், பீப்பாயின் விலை 70 டாலர் என்றும் கொள்வோம். ஷட்டவுன் ஒரு நாள் நீண்டால் 35 லட்சம் டாலர் வருமானம் தள்ளிப்போகிறது. ரிக்கின் நாள் வாடகை நல்ல சந்தையில் 2 லட்சம் டாலரைத் தாண்டியதுண்டு. மந்தமான ஆண்டுகளில் 1 லட்சத்துக்கும் கீழே போனதுண்டு. அப்படியென்றால், நாளுக்கு 20,000 டாலர் குறைவாகக் கிடைக்கிறது என்று அலையைத் தாங்காத ஒரு ரிக்கை 60 நாளுக்கு எடுத்தால் மிச்சமாவது 12 லட்சம் டாலர். அதனால் ஷட்டவுன் ஒரே ஒரு நாள் நீண்டால் போவது அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இந்தக் கணக்கை நிதிப் பிரிவினர் முன் வைப்பதற்குள் சில நேரம் போராட வேண்டியிருக்கும். ஏனெனில் வாடகை ஒரு துறையின் செலவுக் கணக்கிலும், தள்ளிப்போகும் உற்பத்தி வேறொரு துறையின் கணக்கிலும் எழுதப்படுகின்றன. இரண்டையும் ஒரே தாளில் கொண்டுவருவதுதான் சார்ட்டரிங் பிரிவில் இருப்பவரின் முதல் கடமை என்று நான் கருதுகிறேன்.

எந்த வகை மிதவையை எடுப்பது என்பதற்குக் கடலே பெரும்பாலும் விடை சொல்லிவிடும். ஆழம் குறைவான இடத்தில், கால்களைக் கடல் தரையில் ஊன்றி நிற்கும் ஜாக்-அப் தங்குமிட ரிக் கிடைத்தால் அதற்கு நிகர் இல்லை. உடல் தண்ணீருக்கு மேலே நிற்பதால் அலையின் அசைவு கேங்வேக்கு வருவதே இல்லை. ஆழம் கூடும்போது, பாதி மூழ்கிய நிலையில் மிதக்கும் செமி-சப்மெர்சிபிள் வகை வருகிறது. அதன் மிதவைத் தொட்டிகள் நீருக்கடியில் ஆழத்தில் இருப்பதால் அலையின் பிடி அதன்மேல் குறைவு; வட கடல் போன்ற முரட்டுக் கடலில் நிலையாகப் பணிபுரிய அதுவே பொருத்தம். கப்பல் வடிவத் தங்குமிடக் கலங்கள் வேகமாக வந்து சேரும், வாடகையும் குறைவு. ஆனால் பக்கவாட்டு அலையில் அவற்றின் இணைப்பு நேரம் வெகுவாகக் குறையும். அமைதியான கடலில், நங்கூரமிட்ட பார்ஜுகள் என்னும் தட்டையான அடிப்பகுதி கொண்ட மிதவைகளே மலிவு.

நங்கூரமா, டைனமிக் பொசிஷனிங்கா என்ற கேள்வியும் விலைப்பட்டியலில் முழுமையாகத் தெரியாது. டைனமிக் பொசிஷனிங் ரிக் த்ரஸ்டர்களை இரவும் பகலும் ஓட்டி எரிக்கும் டீசலின் செலவு வழக்கமாக வாடகைக்கு எடுத்தவரின் தலையில் விழும். நங்கூரமிடும் ரிக்குக்கோ, நங்கூரங்களைக் கொண்டு போய்ப் போடும் இழுவைக் கப்பல்கள் தேவை. கடல் தரையில் பைப்லைன்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் பழைய எண்ணெய் வயல்களில் எட்டு, பன்னிரண்டு நங்கூரங்களுக்கு இடம் காண்பதே பெரும் ஆய்வாகிவிடும். பிரேசிலில், நிலையான மேடைகளுக்குப் பதிலாக மிதக்கும் உற்பத்திக் கப்பல்களே அதிகம் என்பதால், ரிக்கும் அசைகிறது, அது இணைந்திருக்கும் கப்பலும் அசைகிறது. டரெட் என்னும் சுழலும் அமைப்பில் கட்டப்பட்ட கப்பலாக இருந்தால், காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப அது திசை திரும்பும்போதெல்லாம் ரிக்கும் அதைச் சுற்றியே நகர வேண்டும். அங்கே டைனமிக் பொசிஷனிங் இல்லாத ரிக்கை யோசிக்கவே முடியாது. அந்நாட்டு அரசின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸ் இந்த ரிக்குகளைப் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு அலகு என்ற பெயரில் பல ஆண்டு ஒப்பந்தங்களுக்கு எடுத்து, ஒரு கப்பலிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்திக்கொண்டே இருக்கிறது. இன்று உயர்தர ரிக்குகளுக்கு நிலையான வேலை தரும் முதன்மையான இடங்களில் ஒன்று பிரேசில்.

இந்தச் சந்தை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்பதை, 2014-க்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். பீப்பாய் 100 டாலருக்கு மேல் நின்ற ஆண்டுகளில் நார்வேயின் ப்ரோசேஃப், ஸ்வீடனில் தொடங்கப்பட்ட ஃபுளோட்டல் இன்டர்நேஷனல் போன்ற நிறுவனங்கள் சிங்கப்பூர், சீனக் கப்பல் கட்டுமிடங்களில் புதிய ரிக்குகளை ஆர்டர் செய்தன. ஒரு ரிக் கட்டி முடிய இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். 2014-இன் நடுவில் 110 டாலரைத் தாண்டியிருந்த பிரென்ட் கச்சா எண்ணெயின் விலை, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியபோது, உயர்ந்த விலையை நம்பி ஆர்டர் செய்த ரிக்குகள் ஒவ்வொன்றாகத் தயாராகி நின்றன. எண்ணெய் நிறுவனங்கள் முதலில் வெட்டுவது பராமரிப்புச் செலவைத்தான். மேடைக்குப் பெயின்ட் அடிப்பதை ஓர் ஆண்டு தள்ளிவைத்தால் உடனே யாருக்கும் தெரியாது. கட்டுமிடத்திலேயே எடுத்துச் செல்ல ஆளின்றி நின்ற ரிக்குகள் உண்டு. பழைய ரிக்குகள் உடைக்கப்பட்டன. கடன் தந்தவர்களோடு நிறுவனங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மறுசீரமைப்புப் பேச வேண்டியதாயிற்று. ப்ரோசேஃபும் ஃபுளோட்டலும் 2019-இல் இணைய முயன்றபோது, போட்டி குறைந்துவிடும் என்று பிரிட்டன், நார்வே நாடுகளின் போட்டி ஒழுங்கு அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்ததால் 2020-இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு ஒன்றே இந்தச் சந்தை எவ்வளவு சிறியது என்பதைச் சொல்லிவிடும். வட கடலுக்குத் தகுதியான, நல்ல நிலையிலுள்ள செமி-சப்மெர்சிபிள் தங்குமிட ரிக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இவ்வளவு சிறிய சந்தையில் சராசரி வாடகை என்ற எண்ணுக்குப் பொருள் குறைவு. ஒரு கோடைக்கு இரண்டு நிறுவனங்கள் கூடுதலாக ரிக் கேட்டால் விலை தாவும். ஒரு திட்டம் தள்ளிப்போனால் விழும். வட கடலின் பிரிட்டன் பகுதியில் வேலை பெரும்பாலும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான். குளிர்காலத்தில் ரிக்குகள் ஸ்காட்லாந்தின் குரோமார்ட்டி ஃபர்த் போன்ற ஒதுக்குப்புற நீர்ப்பரப்புகளில் நிறுத்தப்பட்டிருக்கும். நடைமுறையில் எனக்கு உதவிய உத்தி இதுதான்: ரிக் தேவைப்படும் கோடைக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் முன்பே உரிமையாளர்களிடம் பேசத் தொடங்குவது, தேதியில் சில வாரங்கள் நெகிழ்வு தருவது. உரிமையாளருக்கு இரண்டு வேலைகளுக்கு நடுவிலுள்ள காலி நாட்களை நிரப்புவது பெரிய விஷயம். ஜூன் முதல் நாளே வர வேண்டும் என்பவரைவிட, மே நடுவிலிருந்து ஜூன் நடுவுக்குள் எப்போது வந்தாலும் ஏற்பேன் என்பவருக்கு அவர் விலையைக் குறைப்பார். அருகிலுள்ள வயலின் நிறுவனத்தோடு சேர்ந்து அடுத்தடுத்து எடுத்தால், ரிக்கைக் கொண்டுவரும் மொபிலைசேஷன் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் திருப்பிப் பார்க்கும் பக்கம் வாடகை எழுதியிருக்கும் பக்கம் அல்ல. முழு வாடகை எந்த நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது என்ற வரையறைதான். ரிக் மேடையின் 500 மீட்டர் பாதுகாப்பு எல்லைக்குள் வந்ததுமா, இணைக்கத் தயார் என்று அறிவித்ததுமா, அல்லது கேங்வே இணைந்து முதல் ஆள் நடந்ததுமா? மூன்றுக்கும் இடையே நாட்கணக்கில் வேறுபாடு வரலாம். நான் அருகிலிருந்து பார்த்த ஒரு திட்டத்தில், மேடைப் பக்கம் கேங்வே இறங்க வேண்டிய தளத்தை வலுப்படுத்தும் வேலையை அதற்குப் பொறுப்பான ஒப்பந்ததாரர் முடிக்கவில்லை. ரிக் வந்து நின்றது, தயார் என்று அறிவித்தது, இணைக்க இடமில்லை. ஒப்பந்தத்தின்படி முழு வாடகையும் ஓடியது. உரிமையாளர் பக்கம் எந்தத் தவறும் இல்லை. அன்றிலிருந்து, அந்தத் தளத்தின் வரைபடத்தையும், அது தாங்கும் எடையையும், கடல் மட்டத்திலிருந்து அதன் உயரத்தையும், கேங்வேயின் கோண வரம்போடு ஒப்பிட்டு இரு தரப்புப் பொறியாளர்களும் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் ஒப்பந்தத்தை நான் மேலே அனுப்புவதில்லை.

மோசமான வானிலையில் வாடகை எவ்வளவு என்பதும் அதே அளவுக்கு முக்கியம். வானிலை நட்டத்தை உரிமையாளர் முழுதாக ஏற்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் வற்புறுத்தும். அப்படி எழுதினால் உரிமையாளர் அந்த ஆபத்தை வாடகையில் ஏற்றிவிடுவார். அதைவிட மோசமாக, எல்லையை நெருங்கும் கடலிலும் இணைப்பை விடாமல் பிடித்திருக்கும்படி பிரிட்ஜில் இருப்பவருக்கு ஓர் அழுத்தம் உருவாகும். அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தவனாகச் சொல்கிறேன்: கேங்வேயை எடுக்கச் சொல்லும் முடிவில் பணத்தின் நிழல் விழக் கூடாது. ஒப்புக்கொண்ட அலை உயரத்துக்கு மேல் என்றால் காத்திருக்கும் நேரத்துக்கான ஸ்டாண்ட்பை வாடகை, அதற்குக் கீழேயும் இணைய முடியாவிட்டாலோ இயந்திரக் கோளாறு என்றாலோ வாடகை இல்லை என்று பிரித்து எழுதுவதே நியாயம்.

ரிக்கை நேரில் பார்க்காமல் எடுக்காதீர்கள். நீண்ட காலம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ரிக் என்றால் இன்னும் கவனம் தேவை. குறைந்த ஆட்களோடு இயந்திரங்களை ஓட்டிப் பராமரித்து வைப்பது ஒரு வகை. எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டி வைப்பது வேறு வகை. பின்னதை மீண்டும் வேலைக்குக் கொண்டுவர மாதங்களும் பெருந்தொகையும் ஆகும். அத்தகைய ஒரு ரிக்கில் ஏறியபோது மேல்தளம் புதுப் பெயின்டில் பளபளத்தது. கேபின்களில் ஈரம் போக்கும் கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன, மெத்தைகள் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. ஆனால் சமையலறைத் தரையின் வடிகால் மூடியைத் திறந்து பார்த்தபோது குழாயின் வாய் துருவில் பாதி அடைபட்டிருந்தது. கேங்வே திரும்பும் பேரிங்கிலிருந்து எடுத்த கிரீஸை விரல்களுக்கிடையே தேய்த்தபோது நறநறவென்று உலோகத் துகள் தட்டுப்பட்டது. அந்த பேரிங்கை மாற்ற ஆகும் காலம், நாங்கள் கேட்ட தேதியைக் கடந்துவிடும் என்று தெரிந்ததும் பேச்சு முடிந்தது. நெடுநாள் தேங்கிய தண்ணீர்க் குழாய்களில் லெஜியோனெல்லா பாக்டீரியாச் சோதனை, த்ரஸ்டர் சீல்களின் நிலை, கலங்களின் தகுதியைச் சான்றளிக்கும் கிளாசிஃபிகேஷன் அமைப்பின் ஐந்தாண்டுப் பரிசோதனை எப்போது வருகிறது என்ற தேதி ஆகிய மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். ஐந்தாண்டுப் பரிசோதனை உங்கள் ஆப்ஷன் காலத்தின், அதாவது விரும்பினால் ஒப்பந்தத்தை நீட்டிக்க உரிமையுள்ள காலத்தின், நடுவில் விழுந்தால், அந்த ஆப்ஷன் காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

படுக்கை எண்ணிக்கையையும் அப்படியே நம்ப வேண்டாம். 450 படுக்கை என்று சொல்லப்படும் ரிக்கில் அதன் சொந்தப் பணியாளர்களும் கேட்டரிங் ஆட்களும் போக மீதிதான் உங்களுக்கு. நார்வேயில் ஒருவருக்கு ஒரு கேபின் என்பது நெறி. வேறு பகுதியில் இருவர் தங்கும் கேபின்களைக் கொண்டு கணக்கிட்ட எண் அங்கே செல்லாது. ஒரு நாட்டின் கடற்பகுதியில் வேலை செய்யும் ரிக், எல்லைக்கோட்டுக்கு அப்பால் சென்று உடனே வேலை செய்ய முடியாது. நார்வேயில், ரிக் அந்நாட்டு விதிகளுக்கு இணங்குகிறது என்ற இணக்க ஒப்புகை வேண்டும். பிரிட்டனில் பாதுகாப்பு ஆவணம் ஒழுங்குமுறை அமைப்பால் ஏற்கப்பட வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகும்.

இந்தக் கட்டுப்பாடுகள் தேவையற்ற காகித வேலை என்று பேசுபவர்களுக்கு அலெக்சாண்டர் எல். கீலாண்ட் ரிக்கின் கதையைச் சொல்வது என் வழக்கம். துளையிடும் ரிக்காகக் கட்டப்பட்டு, வட கடலின் நார்வே பகுதியிலுள்ள எகோஃபிஸ்க் எண்ணெய் வயலில் தங்குமிடமாகப் பயன்பட்ட அந்த ரிக், 1980 மார்ச் 27 மாலை, கேங்வேயை எடுத்துவிட்டு எட்டா (Edda) என்ற மேடையிலிருந்து சற்று விலகி நின்றிருந்தபோது கவிழ்ந்தது. இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். நீருக்கடி ஒலிக்கருவி ஒன்றைப் பொருத்துவதற்காக ஒரு தாங்கு குழாயில் போடப்பட்ட சிறிய வெல்டிங்கில் தொடங்கிய விரிசல், உலோகச் சோர்வால் வளர்ந்து குழாயை முறித்தது. ஐந்து கால்களில் ஒன்று பிய்ந்து போனது. ஒரு கால் போனாலும் மிதக்கும் அளவுக்கு இருப்பு மிதப்புத் திறன் வேண்டும் என்பது போன்ற விதிகள் அதன் பிறகுதான் வலுப்பெற்றன. 2021 மே மாதத்தில் டவ்தே புயலின்போது மும்பைக்கு அப்பால், சொந்தமாக நகரும் திறனற்ற பி-305 என்ற தங்குமிட பார்ஜ், நங்கூரங்கள் அறுந்து, 261 பேரோடு அலைக்கழிந்து மூழ்கியது. அதிலிருந்த பலர் பிழைக்கவில்லை. மலிவான பார்ஜை எடுக்கும் எவரும், புயல் எச்சரிக்கை வந்தால் அது எத்தனை மணிநேரத்தில் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேரும், இழுத்துப் போகும் கப்பல்கள் எங்கே இருக்கும், புறப்பட உத்தரவிடும் அதிகாரம் யாருடையது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

இனி இந்தச் சந்தை எங்கே போகும் என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. ஆளில்லா மேடைகளும், கடல் தரையிலேயே அமையும் கிணறுகளும் ஹூக்-அப் வேலையைக் குறைக்கின்றன. அசைவை ஈடுசெய்யும் கேங்வே பொருத்திய சிறிய கப்பல்கள் குறுகிய பராமரிப்பு வேலைகளை எடுத்துக்கொள்கின்றன. மறுபுறம், வயதான மேடைகளுக்குப் பராமரிப்பு கூடுகிறது, ஓய்வுபெறும் மேடைகளைக் கழற்றவும் ஆட்கள் தேவை. பழைய ரிக்குகள் உடைபட்ட பின்னும் புதிதாக யாரும் பெரிய அளவில் ஆர்டர் செய்யவில்லை; முந்தைய சரிவில் கைசுட்டுக்கொண்ட வங்கிகள் எளிதில் கடன் தருவதுமில்லை. ஆகவே தேவை சற்றே கூடினாலும் தட்டுப்பாடு விரைவில் தெரியும் என்பது என் கணிப்பு. ஷட்டவுன் தேதி முடிவாகும் வரை ரிக் தேடுவதைத் தள்ளிப்போடும் நிறுவனங்கள், ரிக் கிடைக்கும் தேதிக்கு ஏற்பத் தங்கள் ஷட்டவுனை நகர்த்த வேண்டிய நிலைக்கு வரும். அதைத் தவிர்க்க விரும்புவோர், கிடைக்கக்கூடிய ரிக்குகளின் பெயர், ஐந்தாண்டுப் பரிசோதனைத் தேதி, ஒப்பந்தம் முடியும் மாதம் ஆகியவற்றைக் கொண்ட ஒரு பட்டியலைத் தேவை வருவதற்கு முன்பே தொடங்கி, மாதந்தோறும் திருத்தி வரலாம். ஒரே பக்கத்தில் அடங்கிவிடும் பட்டியல்தான் அது.